மீன் தொடுத்த வழக்கும் நான் இட்ட தலைப்பும்

பத்திரிகைப் பணிமனையில் பல்லாண்டுகளைக் கழித்தவர் எவருக்கும், அச்சேறிவிட்ட பின்னர் திருத்த முடியாமற் போன ஒரு தலைப்பாவது நெஞ்சில் உறுத்திக்கொண்டே இருக்கும். எனக்கும் அப்படியொன்று உண்டு. அது அரசியல்வாதி எவரையும் பற்றியதன்று. போர்ச் செய்தியுமன்று. ஒரு மீனைப் பற்றியது.

1996 ஜூலை மாதம். கொழும்பில் வெளிநாட்டுச் செய்திப் பக்கத்தைத் தயாரிக்கும் பொறுப்பு என்னிடம் இருந்தது. அந்த மாதம் எத்தகையது என்பதை இலங்கை வாசகர்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை. முல்லைத்தீவு இராணுவ முகாம் வீழ்ந்தது. தெஹிவளையில் புகையிரதத்தில் குண்டுகள் வெடித்தன. முன்பக்கம் முழுவதையும் மரணம் நிறைத்திருந்த அந்நாட்களில், உள்பக்கத்தில் வாசகர் சற்றே இளைப்பாறுவதற்கு ஏதேனும் ஒன்று வேண்டும் என்பது நாம் எழுதாமலே கடைப்பிடித்த விதி. அந்த வேளையில் ஜப்பானிலிருந்து நான்கைந்து வரிகளில் ஒரு செய்தி வந்து சேர்ந்தது. நாகசாகி மாவட்ட நீதிமன்றத்தில் அரசாங்கத்துக்கு எதிராக ஒரு வழக்குத் தாக்கல் செய்யப்பட்டிருக்கிறது. வழக்காளிகளின் பட்டியலில், சேற்றில் துள்ளும் ஒரு மீனின் பெயரும் ஒரு விரிகுடாவின் பெயரும் இடம்பெற்றுள்ளன என்றது அச்செய்தி.

"நீதிமன்றப் படியேறியது மீன்!" என்று தலைப்பிட்டேன். ஆச்சரியக்குறியையும் மறக்கவில்லை. பக்கத்து மேசையிலிருந்த உப ஆசிரியர் வாசித்துவிட்டுச் சிரித்தார். மறுநாள் வாசகர்களும் சிரித்திருப்பர். அந்த வழக்கு எதற்காகத் தொடுக்கப்பட்டது என்று கேட்கும் எண்ணம் எம்மில் எவருக்கும் எழவில்லை.

ஒன்பது மாதங்களின் பின்னர், 1997 ஏப்ரல் 14ஆம் திகதி, அதற்கான விடை தொலைக்காட்சித் திரையில் வந்தது. நீண்டதொரு கடல் அணையில் இறுதியாக எஞ்சியிருந்த இடைவெளியில், வரிசையாக நிறுத்தப்பட்டிருந்த 293 உருக்குத் தகடுகள் ஒன்றன்பின் ஒன்றாக நீரில் விழுந்தன. ஏறத்தாழ 45 விநாடிகளில் எல்லாம் முடிந்துவிட்டது. ஒரு விரிகுடா கடலிலிருந்து துண்டிக்கப்பட்டது. ஜப்பானியர் அந்தக் காட்சிக்குப் பிரெஞ்சுப் புரட்சிக் காலத்துத் தலைவெட்டும் இயந்திரமான 'கில்லட்டின்' என்பதையே பெயராக வைத்தனர். நான் சிரித்த மீனின் கழுத்தில்தான் அந்தத் தகடுகள் விழுந்தன.

சேற்றில் வாழும் மீன்

அந்த மீனை ஜப்பானியர் 'முட்சுகொரோ' என்பர். உளுவை மீன்களின் உறவினத்தைச் சேர்ந்தது. சேற்றில் துள்ளித் திரியும் இத்தகைய மீன்களைத் தமிழில் சேற்றுத்துள்ளி என்று கூறலாம். ஒரு சாண் நீளத்துக்குச் சற்றுக் குறைய வளரும். சாம்பல்பூத்த உடலில் நீலப் புள்ளிகள். தலையுச்சியில் தவளையினுடையவை போன்ற துருத்திய கண்கள். கடல் வற்றியதும் வளையை விட்டு வெளியே வந்து, முன்துடுப்புகளை ஊன்றிச் சேற்றின் மீது ஊர்ந்து திரியும். தலையை இடமும் வலமுமாக அசைத்து, சேற்றின் மேற்பரப்பில் படர்ந்திருக்கும் கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகளை மேயும். தோல் ஈரமாக இருக்கும்வரை காற்றிலிருந்தும் சுவாசிக்கும். இனச்சேர்க்கைக் காலத்தில் ஆண்மீன் துடுப்பை விரித்து நிலத்திலிருந்து எம்பிக் குதிக்கும். எதிரி வந்தாலோ கண்மூடித் திறப்பதற்குள் வளைக்குள் மறைந்துவிடும்.

ஜப்பானில் இம்மீன் வாழும் இடங்கள் இரண்டே. கியூஷு தீவின் மேற்குப் பக்கத்திலுள்ள அரியாக்கே கடல் ஒன்று. அதனை அடுத்துள்ள யட்சுஷிரோ கடல் மற்றொன்று. அதே இனம் கொரியா, சீனா, தாய்வான் ஆகியவற்றின் கரைகளிலும் உண்டு. ஜப்பான் ஆசியப் பெருநிலத்தோடு இணைந்திருந்த பனிக்கால யுகத்தின் எச்சமாக, அரியாக்கேயின் சேற்றில் அது தங்கிவிட்டது என்பது அறிஞர் கருத்து.

அரியாக்கே சாதாரண கடலன்று. அங்கு வற்றுக்கும் பெருக்குக்கும் இடையிலான நீர்மட்ட வேறுபாடு ஆறு மீற்றர் வரை செல்லும். ஜப்பானில் வேறெங்கும் இவ்வளவு இல்லை. வற்றும் வேளையில் கரையிலிருந்து கண்ணுக்கெட்டிய தூரம் வரை சேறு பளபளக்கும். அந்தச் சேற்றில் கால் வைத்தால் இடுப்பளவு புதைந்துவிடும் என்பதனால், மீனவர் ஒரு பலகையின் மீது ஒரு முழங்காலை ஊன்றி, மறுகாலால் உந்தி வழுக்கிச் செல்வர். கையிலுள்ள நீண்ட தூண்டிலைத் தொலைவிலிருந்து வீசி, இரையின்றியே மீனைக் கொளுவி இழுப்பர். பல ஆண்டுகள் பழகினாலன்றிக் கைவராத தொழில் அது. நெருப்பில் வாட்டிய முட்சுகொரோ அப்பகுதி மக்களின் விருந்துணவு.

இந்த அரியாக்கே கடலின் மேற்கு மூலையில் உள்ள சிறு கிளைதான் இசஹாயா விரிகுடா. 1996ஆம் ஆண்டு வழக்காளியாக நின்ற விரிகுடா அதுவே.

அரசின் நியாயம்

ஒரு பக்கத்தை மாத்திரம் கூறுவது பத்திரிகைத் தர்மமாகாது. அணை கட்டியோரிடமும் நியாயம் இருந்தது, அதையும் கேட்கவேண்டும்.

1952இல் முதல் திட்டம் வரையப்பட்டபோது, போரில் தோற்ற ஜப்பான் பசியில் இருந்தது. கடலை மறித்து நெல்வயலாக்குவது அன்று நாட்டுப்பற்றின் செயல். 1957 ஜூலையில் பெருமழை பெய்து ஹொன்மியோ ஆறு கரைபுரண்டபோது, இசஹாயாப் பகுதியில் 600க்கும் மேற்பட்டோர் மாண்டனர். கரையோரத் தாழ்நிலங்களில் வாழ்ந்தோருக்குக் கடற்பெருக்கும் புயலும் நாள்தோறும் உள்ள அச்சம். அந்த அச்சத்தைப் பொய்யென்று கூற எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் காலம் மாறியது. 1970ஆம் ஆண்டளவில் ஜப்பானில் அரிசி மிதமிஞ்சியது. வயலைத் தரிசாக விடுமாறு விவசாயிகளுக்கு அரசே பணம் கொடுக்கத் தொடங்கியது. நெல்வயல் என்ற காரணம் செத்தது, திட்டம் சாகவில்லை. பெயரும் அளவும் காரணமும் மாறி மாறி, 1986இல் வெள்ளத்தடுப்பும் விவசாய நிலமும் என்ற புது உடையில் அது மீண்டும் வந்தது. 1989இல் வேலை தொடங்கியது. நகரை அழித்த வெள்ளம் மலையிலிருந்து ஆற்றின் வழியே வந்தது, அதனை விரிகுடாவின் வாயில் அணை கட்டி எவ்வாறு தடுப்பது என்று எதிர்ப்பாளர்கள் கேட்டனர். செலவு ஏறத்தாழ 250 பில்லியன் யென்னைத் தொட்டது. இடும் ஒவ்வொரு யென்னுக்கும் கிடைக்கும் பயன் ஒரு யென்னுக்கும் குறைவு என்பதைப் பின்னர் அரசின் சொந்தக் கணக்கே காட்டியது.

ஒரு திட்டம் தன் காரணத்தை இழந்த பின்னரும் எவ்வாறு உயிர்வாழ்கிறது? எனது தொழில் அனுபவத்தில் நான் கண்ட விடை எளியது. அதனை நிறுத்துவதற்கு எவரேனும் ஒருவர் கையொப்பமிட வேண்டும். நடத்திச் செல்வதற்கோ எவரும் எதுவும் செய்யத் தேவையில்லை.

தகடுகள் விழுந்த பின்னர்

அணையின் நீளம் ஏழு கிலோமீற்றர். அதற்குள் அடைபட்ட பரப்பு ஏறத்தாழ 3,500 ஹெக்டெயர். கடற்பெருக்கு வராத சேறு சில கிழமைகளில் வெடிக்கத் தொடங்கியது. சிப்பிகள் வாய் பிளந்து கிடந்தன. சேற்றுத்துள்ளிகள் வளைகளுக்குள்ளேயே காய்ந்தன. தொண்டர்கள் உலரும் சேற்றில் இறங்கி, எஞ்சியவற்றைக் கைகளால் அள்ளி உயிரோடு காப்பாற்ற முயன்றனர். ஜப்பானிய மக்கள் பெரும்பாலானோர் தம் நாட்டில் அப்படியொரு மீன் உண்டு என்பதை அன்றுதான் கண்டுகொண்டனர் எனலாம். இழக்கும் வேளையிற் கண்டுகொள்வது மனித இயல்பு போலும்.

அந்த மீனுக்காக நெடுங்காலம் குரல் கொடுத்தவர் ஹிரொஃபுமி யமாஷிட்டா. நாகசாகிக்காரர். 1970கள் முதல் அணைத் திட்டத்தை எதிர்த்து வந்தவர். 1998இல் சுற்றுச்சூழலுக்கான கோல்ட்மன் பரிசு அவருக்குக் கிடைத்தது. விரிகுடா மூடப்பட்ட மறு ஆண்டு வந்த பரிசு அது. 2000ஆம் ஆண்டு அவர் காலமானார். மதகுகள் மீண்டும் திறப்பதைக் காணும் பேறு அவருக்கு வாய்க்கவில்லை.

மீன் தொடுத்த வழக்கு என்னாயிற்று என்று கேட்பீர்கள். மீனுக்கு வழக்காடும் தகுதி இல்லை என்ற நிலைப்பாட்டைத் தாண்ட அதனால் இயலவில்லை, தள்ளுபடியானது. அதற்கு ஓராண்டு முன்னர், 1995இல், அமாமித் தீவின் கருமுயலின் பெயரில் தொடுக்கப்பட்ட வழக்குக்கும் இதே கதியே நேர்ந்தது. ஆனால் மீனின் வழக்கோடு கதை நின்றுவிடவில்லை, மீனவரின் வழக்கும் தொடங்கியது.

2000ஆம் ஆண்டு இறுதியில் அரியாக்கே கடல் முழுவதும் நோரி எனும் கடற்பாசிப் பயிர் வரலாறு காணாத அளவில் பொய்த்தது. ஜப்பானில் சோற்றைச் சுற்றி உண்ணும் அந்தக் கருந்தாளில் பெரும்பங்கு விளைவது அக்கடலிலேயே. 2001 ஜனவரியில் மீனவர் நூற்றுக்கணக்கான படகுகளில் அணையை நோக்கிச் சென்றனர். அணை நீரோட்டத்தை நலிவுறச் செய்துவிட்டது, நீரைத் தூய்மைப்படுத்திய சேற்றுத்தரையை அழித்துவிட்டது என்பது அவர்களின் வாதம். சேறு என்றால் அழுக்கு என்று நாம் நினைக்கிறோம். உண்மை எதிர்மாறானது. ஆறு கொண்டுவரும் கழிவின் சத்தை நுண்பாசி உண்கிறது. பாசியைச் சிப்பியும் மீனும் உண்கின்றன. அவற்றைப் பறவையும் மனிதனும் உண்கின்றனர். சம்பளமின்றி வேலை செய்யும் சுத்திகரிப்பு நிலையம் அது. அதனை மூடியதும் அணைக்குள் தேங்கிய நன்னீர்த் தேக்கத்தில் நீலப்பச்சைப் பாசி படர்ந்தது. அதன் நீரின் தரம் அரசு தானே விதித்த இலக்கை எட்டவில்லை.

அணையே காரணம் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்றது அரசு. ஆதாரம் தேடுவதற்காக மதகுகளை நீண்டகாலம் திறந்து பார்க்க வேண்டுமென நிபுணர் குழு பரிந்துரைத்தது. 2002இல் ஒரு மாதத்துக்கும் குறைவாகத் திறந்துவிட்டு மூடினர். நீண்டகாலத் திறப்பு நடைபெறவேயில்லை. ஆதாரம் எங்கே என்று கேட்டவரே, ஆதாரம் இருக்கும் அறையின் திறப்பையும் தம் கையில் வைத்திருந்தார்.

இரண்டு தீர்ப்புகள்

இனி வருவதைக் கவனமாக வாசியுங்கள். சட்டம் படிக்கும் இளைஞர் சிறப்பாகக் கவனிக்க வேண்டும்.

2008 ஜூனில் சாகா மாவட்ட நீதிமன்றம் மீனவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. 2010 டிசம்பரில் ஃபுகுவோகா மேல் நீதிமன்றம் அதனை உறுதி செய்தது. மூன்று ஆண்டுகளுக்குள் மதகுகளைத் திறக்க வேண்டும். ஐந்து ஆண்டுகள் திறந்தே வைத்திருக்க வேண்டும். அப்போதைய பிரதமர் நவோட்டோ கான், எதிர்க்கட்சியில் இருந்த காலத்தில் அந்த விரிகுடாவை நேரிற் பார்த்தவர். மேன்முறையீடு செய்வதில்லை என அவர் முடிவெடுத்தார். தீர்ப்பு இறுதியானது. மீனவர் வென்றனர்.

ஆனால் 2008 ஏப்ரலிலேயே, அணைக்குள் மீட்கப்பட்ட ஏறத்தாழ 670 ஹெக்டெயர் நிலத்தில் விவசாயிகள் குடிபுகுந்துவிட்டனர். கடன்பட்டுப் பசுமைக்கூடம் அமைத்தனர், காய்கறி பயிரிட்டனர். மதகு திறந்தால் உப்பு நீர் வரும், பயிர் அழியும் என அவர்கள் நாகசாகி மாவட்ட நீதிமன்றத்துக்குச் சென்றனர். 2013 நவம்பரில் அந்த நீதிமன்றம், மதகுகளைத் திறக்கக்கூடாது என்று தடை விதித்தது.

ஒரே அரசாங்கம், ஒரே மதகு. திறக்காவிட்டால் மீனவருக்கு நாளொன்றுக்கு 490,000 யென் செலுத்த வேண்டும். திறந்தால் விவசாயிகளுக்கு நாளொன்றுக்கு அதே 490,000 யென் செலுத்த வேண்டும். 2015 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இரண்டையும் ஒரே நாளில் உறுதி செய்தது. அரசு திறக்காமலே இருந்தது. மீனவருக்கான தொகை பின்னர் 900,000 யென்னாக உயர்த்தப்பட்டது. 2018க்குள் ஏறத்தாழ 1,200 மில்லியன் யென் மக்களின் வரிப்பணத்திலிருந்து இவ்வாறு சென்றது. தன் நாட்டு நீதிமன்றத்தின் இறுதித் தீர்ப்பை நிறைவேற்றாமல் இருப்பதற்கு ஓர் அரசு நாட்கூலி செலுத்திய விந்தையை வேறெங்கும் நான் வாசித்ததில்லை.

மதகு திறக்கப்படாது என்ற நிபந்தனையோடு 10 பில்லியன் யென் நிதியொன்றை அரசு சமரசமாக முன்வைத்தது. மீனவரிற் பலர் அதனை ஏற்க மறுத்தனர். வழக்குகள் மேலும் கீழுமாக நகர்ந்தன. 2022 மார்ச்சில் ஃபுகுவோகா மேல் நீதிமன்றம், நிலைமைகள் மாறிவிட்டன எனக் கூறி, பழைய தீர்ப்பை இனி வலிந்து நிறைவேற்ற முடியாது என்றது. 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதனை நிலைநிறுத்தியது. 2010இல் வென்ற மீனவர், வெற்றியை ஒருநாளும் அனுபவிக்காமலே அதனை இழந்தனர்.

இந்தக் கதையில் விவசாயியை வில்லனாகக் காட்டுவது எளிது. நான் அதைச் செய்யப்போவதில்லை. அரசு கொடுத்த நிலத்தை நம்பி வந்தவர் அவர். 2018இல் அந்த நிலத்திற் பயிரிட்ட சிலரே, தேக்கத்துக்கு வரும் வாத்துக் கூட்டங்கள் பயிரை அழிப்பதாக நீதிமன்றம் சென்றனர் என்பதையும் சொல்லிவைக்க வேண்டும். மீனவரும் உழைப்பாளி, விவசாயியும் உழைப்பாளி. இருவரையும் ஒரு மதகின் இரு பக்கங்களில் நிறுத்தி எதிரிகளாக்கியது எவரோ, அவர்கள் இருவருக்கும் நடுவில் நின்று, 'எம்மால் என்ன செய்ய முடியும்?' என்று கை விரித்தனர். இந்தக் காட்சி இலங்கையில் பிறந்த எமக்குப் புதிதன்று.

என் கருத்தை இங்கே நேராகவே சொல்லிவிடுகிறேன். விரிகுடாவை மூட 45 விநாடிகள் போதுமாயிருந்தன. திறப்பதற்கு 26 ஆண்டுகள் போதவில்லை. பொறியியல் அதற்குக் காரணமன்று. மதகுகள் இன்றும் இயங்குகின்றன. மூடிய மறுநாளிலிருந்தே அந்த மூடலை நம்பி வாழும் மனிதர் உருவாகத் தொடங்கிவிடுகின்றனர். பின்னர் நீதி எந்தப் பக்கம் திரும்பினாலும் எவரோ ஒருவர் வயிற்றில் அடித்தே ஆகவேண்டும். ஆகையால் இத்தகைய வழக்குகள் விசாரிக்கப்பட வேண்டிய காலம் ஒன்றே ஒன்று. அது தகடுகள் விழுவதற்கு முன்னர். 1996 ஜூலை அத்தகையதொரு காலம். அன்று நீதிமன்றத்துக்கு வந்தது மீன் மாத்திரமே. நாம் அதைப் பார்த்துச் சிரித்தோம்.

மீன் வீணாகச் சாகவில்லை

இத்தோடு முடித்திருந்தால் இது ஓர் ஒப்பாரியாகவே இருந்திருக்கும். ஆனால் கதை இங்கு முடியவில்லை.

இசஹாயாவின் காட்சி ஜப்பானியரின் மனச்சாட்சியை விட்டு அகலவில்லை. நகோயா மாநகரம் தன் குப்பையைக் கொட்டுவதற்காக ஃபுஜிமே எனும் சேற்றுத்தரையை நிரப்பத் திட்டமிட்டிருந்தது. எதிர்ப்பு வலுத்தது. 1999 ஜனவரியில் நகரம் திட்டத்தைக் கைவிட்டது. குப்பையை எங்கே கொட்டுவது? குறைப்பதே வழி என்று நகரம் அறிவித்தது. வீட்டுக்கு வீடு தரம்பிரித்தனர். இரண்டே ஆண்டுகளில் குப்பை ஐந்திலொரு பங்குக்கு மேல் குறைந்தது. 2002இல் ஃபுஜிமே, ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. 2001இல் டோக்கியோ விரிகுடாவின் சன்பன்சே சேற்றுத்தரையை நிரப்பும் திட்டத்தைச் சிபா மாகாண ஆளுநர் அகிகோ டொமொட்டோ இரத்துச் செய்தார். முட்சுகொரோவின் சிறிய உறவினமான 'தொபிஹசே' எனும் சேற்றுத்துள்ளிக்கு வடக்கே இறுதி எல்லை அந்த டோக்கியோ விரிகுடாவே. உலகின் மிகப் பெரிய நகரங்களில் ஒன்றின் காலடியில் அது இன்றும் துள்ளுகிறது.

அரியாக்கே கடலிலேயே, அணைக்கு வடக்கே சாகா மாகாணக் கரையில், முட்சுகொரோ மறைந்துவிடவில்லை. அங்கும் ஒருகாலத்தில் அதன் தொகை வெகுவாகக் குறைந்தது. பிடிப்பதற்குக் கட்டுப்பாடு வந்தது. பாதுகாப்புப் பகுதி வகுத்தனர். சேற்றை நிரப்பாமல் விட்டனர். மீன் மீண்டும் பெருகியது. அதற்கு வேறெந்த உதவியும் வேண்டியிருக்கவில்லை. காஷிமா எனும் சிறு நகரில் 1985 முதல் சேற்றிலேயே விளையாட்டுப் போட்டி நடத்துகின்றனர். வெளியூரார் வந்து சேற்றிற் புரண்டு, சேற்றுப்பலகையில் வழுக்கிப் போட்டியிட்டுச் செல்கின்றனர். 2015 மே மாதத்தில் அக்கரையின் ஹிகாஷியோகா, ஹிசென் காஷிமா ஆகிய இரு சேற்றுத்தரைகளும் ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. பாடசாலைப் பிள்ளைகள் கரையில் நின்று, ஆண்மீன் எம்பிக் குதிப்பதைத் தொலைநோக்கியாற் பார்க்கின்றனர். ஜப்பானின் அருகிவரும் உயிரினப் பட்டியலில் அது இன்னும் இருக்கிறது. எனினும் ஒரே கடலின் ஒரு மூலையில் காய்ந்து மடிந்த மீனை, அதே கடலின் மறுமூலையில் ஒரு மக்கள் மீளக் கண்டெடுத்திருக்கின்றனர்.

மீன் வழக்காடலாமா என்ற கேள்வியும் இன்று நகைப்புக்குரியதன்று. 2008இல் ஈக்குவடோர் தன் அரசியலமைப்பிலேயே இயற்கைக்கு உரிமை வழங்கியது. 2017இல் நியூசிலாந்து வங்கனூயி ஆற்றைச் சட்டத்தின் முன் ஓர் ஆளாக ஏற்றது. 2022இல் ஸ்பெயின் மார் மெனோர் எனும் உப்பு நீரேரிக்கு அதே தகுதியை வழங்கியது. அதற்காக 600,000க்கும் மேற்பட்ட மக்கள் கையொப்பமிட்டனர். நாகசாகியில் தள்ளுபடியான வாதம் உலகைச் சுற்றி வந்து, ஒரு நீரேரியின் பெயரில் வென்றிருக்கிறது.

எமது நீரேரிகள்

நீரேரி என்றதும் எனது நினைவு ஊருக்குத் திரும்புவதை வாசகர்கள் பொறுத்துக்கொள்வர். கடல்வாயை மறித்து நன்னீராக்கும் எண்ணம் எமக்கும் அந்நியமானதன்று. யாழ்ப்பாணக் கடல் நீரேரியை நன்னீர் ஏரியாக்கலாம் என்ற கனவுக்கு வயது பல பத்தாண்டுகள். பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் 1950களில் முன்வைத்த 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' திட்டம் அதன் புகழ்பெற்ற வடிவம். தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் தடுப்பணைகள் எழுந்தன; திட்டம் முழுமை பெறவில்லை. ஆட்சிகள் மாறுந்தோறும் அது மேசைக்கு வருகிறது.

அத்திட்டம் தவறென்று கூற நான் இதை எழுதவில்லை. கிணறுகள் உவர்க்கும் குடாநாட்டில் வாழ்வோரின் தாகம், இசஹாயா மக்களின் வெள்ள அச்சத்தைப் போலவே உண்மையானது. ஆனால் அந்த நீரேரியில் இறால் பிடித்துப் பிள்ளைகளைப் படிக்கவைத்த குடும்பங்களும் உண்மையானவையே. இருவரையும் ஒரே மேசையில், கதவு விழுவதற்கு முன்னர் இருத்த வேண்டும் என்பதே எனது வேண்டுகோள். விழுந்த பின்னர் இருத்தினால் அது நீதிமன்றமாகத்தான் இருக்கும். நீதிமன்றத்தில் ஒருவர் தோற்றே ஆகவேண்டும்.

புத்தளத்தில் இறால் பண்ணைகளுக்காகக் கண்டல்களை வெட்டியபோது எவரையும் அவ்வாறு இருத்தவில்லை. 1996இல் வெண்புள்ளி நோய் பரவியது. பண்ணைகள் பல கைவிடப்பட்டன. சில ஆண்டுகள் கழித்து அவற்றைப் பற்றி எழுதச் சென்றிருந்தேன். உடைந்த வரம்பொன்றில் நின்றபோது, கண்டல் வேரின் மீது ஏதோ துள்ளியது. உற்றுப் பார்த்தேன். விரலளவேயான சேற்றுத்துள்ளி. துருத்திய கண்களால் என்னைப் பார்த்தது. பின்னர் சேற்றுக்குள் மறைந்தது. களப்பு நீர் உடைந்த வரம்பின் வழியே தானாகவே உள்ளே வந்திருந்தது. நீரோடு மீனும் வந்திருந்தது. எனது பழைய தலைப்பு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

தொபிஹசே மீனைப் பற்றி நாகசாகிப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் கண்டறிந்த ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். அது சேற்றினுள் வளை தோண்டி, அதன் கூரையில் முட்டையிடுகிறது. சேற்றுக்கடியில் முட்டைக்குக் காற்றுக் கிடைக்காது. ஆகையால் ஆண்மீன் வாய் நிறையக் காற்றை விழுங்கி, வளைக்குள் கொண்டுபோய் விடுகிறது. நாட்கணக்கில் இந்த வேலையைச் செய்கிறது. குஞ்சு பொரிக்கும் பருவம் வந்ததும், இரவில் கடல் பெருகும் வேளை பார்த்து, அந்தக் காற்றை வாயால் அள்ளி வெளியேற்றுகிறது. நீர் உள்ளே வருகிறது. குஞ்சுகள் பொரித்துக் கடலோடு செல்கின்றன. எப்போது நீரை மறிக்க வேண்டும், எப்போது உள்ளே விடவேண்டும் என்பதை அறிந்த மீன் அது.

உலகெங்கும் பரந்து வாழும் எம்மவர் பலர், ஊரிலுள்ள நீரேரிக் கரையின் நிலத்தை இன்று விற்கின்றனர், வாங்குகின்றனர், அபிவிருத்திக்கு நிதியும் அனுப்புகின்றனர். சேற்றுநிலம் வீண்நிலம் என்று எவரேனும் உங்களிடம் கூறினால், அங்கே தொழில் செய்பவர் எவர் என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். பணத்தைப் பின்னர் அனுப்பலாம்.

நான் அன்று இட்ட தலைப்பை இன்று மீண்டும் இடும் வாய்ப்புக் கிடைக்குமாயின், சொற்களை மாற்றமாட்டேன். நீதிமன்றப் படியேறியது மீன் என்பது உண்மையே. அந்த ஆச்சரியக்குறியை மாத்திரம் நீக்கிவிட்டு, செய்தியை முன்பக்கத்துக்கு அனுப்புவேன்.